அல்லியின் காதுக்குப் பஞ்சு

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் எங்கள் குதிரையின் இரண்டு காதுகளுக்கும் நான் பொறுப்பாக இருந்தேன். காலுக்கு அம்மா பொறுப்பு. ஐஸுக்கு அப்பா. அடிபட்டது என்னவோ பின்னங்காலில்தான், காதில் ஒன்றுமில்லை. இருந்தாலும் வீட்டிலேயே முக்கியமான வேலை என்னுடையது என்று நம்பினேன். பெரியவர்களும் என்னிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார்கள்.

கடலூரில் தேவனாம்பட்டினம் போகும் ரோட்டில் எங்கள் வீடு. வீட்டை ஒட்டித் தகரம் போட்ட கொட்டகை, அதில் அல்லி. வெள்ளை நிறம், பெண் குதிரை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சில்வர் பீச்சில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு பரம சாதுவாக நடப்பாள். முகூர்த்த நாட்களில் அவள் வேறு ஆள். நெற்றியில் ஜரிகைப் பட்டை, கழுத்தில் மணி, காலில் சலங்கை என்று மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கிளம்புவாள். மேளம் உச்சத்துக்குப் போகும்போது முன்னங்கால் இரண்டையும் தூக்கிப் பின்னங்காலில் நின்று ஆடுவாள். அவளுக்கு எதிரே அப்பா கையில் ஒரு சின்னப் பிரம்போடு பட்டுத் துண்டு கட்டிக்கொண்டு நிற்பார். கூட்டம் செல்போனைத் தூக்கிப் பிடிக்கும். மேலே உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளை மட்டும் வாய்க்குள் சாமியைக் கூப்பிடுவார். அல்லிக்கு மேளம் என்றால் உயிர் என்று ஊரே சொன்னது. நானும் சொன்னேன்.

ஐப்பசியின் கடைசி முகூர்த்தத்தில்தான் அது நடந்தது. திருவந்திபுரத்தில் முகூர்த்த நாள் என்றால் ஒரு கல்யாணமா இரண்டு கல்யாணமா, ஒரு மேளம் அடங்குவதற்குள் அடுத்தது ஆரம்பித்துவிடும். காலையில் மழை பெய்து ரோடு நனைந்து கிடந்தது. மாப்பிள்ளை நல்ல திடமான ஆள். அல்லி எழும்பினாள், ஆடினாள், இறங்கும்போது இடது பின்னங்கால் வழுக்கியது. விழவில்லை. மண்டபம் வரைக்கும் நடந்தே போனாள், யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலையில் நான் கொட்டகைக்குப் போனபோது அந்தக் காலின் குளம்பு நுனியை மட்டும் தரையில் வைத்து நின்றுகொண்டிருந்தாள். முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் தடித்திருந்தது. தொட்டேன், கொதித்தது.

கடலூரில் குதிரை வைத்திருப்பவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். குதிரைக்கு வைத்தியம் தெரிந்தவர்கள் மட்டும் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள் என்பதை அந்த வாரம் தெரிந்துகொண்டோம். வேப்பெண்ணெய் தேய்க்கச் சொன்னவர் ஒருவர், திருஷ்டி கழிக்கச் சொன்னவர் ஒருவர். லாடம் அடிக்க வருகிறவர் காலைத் தடவிப் பார்த்துவிட்டு, இரும்பைப் பழுக்கக் காய்ச்சி வரிவரியாகச் சூடு போட்டால் பத்தே நாளில் ஓடும் என்றார். அவர் முட்டிவலியால் பல வருஷமாக நொண்டி நடப்பவர். "மொதல்ல ஒங்க முட்டியில போட்டுக் காட்டுங்க, அப்பறம் குதிரைக்குப் பாக்கலாம்" என்று அம்மா சொன்னாள். அதோடு அவர் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அரசாங்க மாட்டாஸ்பத்திரியிலிருந்து வந்த டாக்டரம்மாதான் அந்தக் காலை உண்மையில் பார்த்தார். விரலால் ஒவ்வோர் அங்குலமாக அழுத்திக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நிறுத்தினார். அல்லி காலை வெடுக்கென்று இழுத்தாள். இரண்டு நாள் கழித்து அவர் புதுச்சேரியிலிருந்து தெரிந்த டாக்டர் ஒருவரை, கையில் தூக்கிவரும் ஸ்கேன் மெஷினோடு வரவழைத்தார். காலில் முடியை மழித்து, பசையைத் தடவி, சின்னத் திரையில் காட்டினார்கள். சாம்பல் நிறத்தில் கோடு கோடாக ஓடிய இடத்தின் நடுவே ஒரு கறுப்பு ஓட்டை இருந்தது.

"எலும்புக்கு ஒண்ணும் இல்ல. ஜவ்வு கிழிஞ்சிருக்கு" என்றார் டாக்டரம்மா.

எலும்புக்கு ஒன்றுமில்லை என்றதும் அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். டாக்டரம்மா கும்பிட்ட கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவசரப்பட்டு சந்தோசப்படாதீங்க. ஜவ்வுக்கு ரத்த ஓட்டம் கம்மி. ஆற நாளு ஜாஸ்தி ஆவும். ஆறினாலும் தச்ச துணியாட்டந்தான். இழுத்தா அதே எடத்துல பிரிஞ்சிக்கும்."

பிறகு வழிகளைச் சொன்னார். ஓய்வும் ஐஸும் கட்டும், அப்புறம் நிமிஷக் கணக்கு வைத்து நடத்துவதும் ஒரு வழி. அல்லியின் ரத்தத்தையே எடுத்து மெஷினில் சுற்றி, தெளிந்து வருவதைக் கிழிந்த இடத்தில் ஊசியாகப் போடுவது இன்னொன்று. வெளியிலிருந்து அதிர்வு கொடுக்கிற மெஷின் ஒன்றும் இருந்தது. இந்த இரண்டுக்கும் சென்னைக்குக் கொண்டுபோக வேண்டும். எதைச் செய்தாலும் அதன் பிறகு மாதக்கணக்கில் ஓய்வு கட்டாயம்.

"இதுல எது மேடம் சீக்கிரம்?" என்று அப்பா கேட்டார்.

"எதுவுமே சீக்கிரம் கெடையாது."

சென்னை வரைக்கும் லாரியில் ஆடிக் குலுங்கி நின்றுகொண்டே போனால் அந்தக் கால் தாங்காது என்று அப்பா முடிவு செய்தார். வீட்டிலேயே பார்த்துக்கொள்வோம் என்றார். டாக்டரம்மா ஒரு பேப்பரில் எழுதிக் கொடுத்தார். முதல் மாதம் கொட்டகையை விட்டு வெளியே வரக் கூடாது. பிறகு நாளைக்கு ஐந்து நிமிஷம் நடை, வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்ட வேண்டும். கெட்டித் தரையில் மட்டும், கடற்கரை மணலில் காலே படக் கூடாது. தீனியில் கொள்ளுப் பயறைக் குறைக்க வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறையாமல் இப்படி. பேப்பரின் அடியில் இரண்டு கோடு போட்டு, ஆட்டம் கூடாது என்று எழுதியிருந்தார். "ஒரே ஒரு தடவ பின்னங்கால்ல எழும்பினாலும் போச்சி. மொதல்லேருந்து ஆரம்பிக்கணும். அப்ப ஆறுமான்னு நான் சொல்ல முடியாது" என்று வாயாலும் சொன்னார்.

அந்தப் பேப்பரை அம்மா கொட்டகைத் தூணில் கோந்து போட்டு ஒட்டினாள். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று அல்லி இப்போது எழும்பிவிட்டாளோ என்று தோன்றும். தோன்றிவிட்டால் மணி அடிக்கும் வரைக்கும் டீச்சர் சொல்வது எதுவும் காதில் ஏறாது. வீட்டுக்கு ஓடிவந்து பையைக் கழற்றாமலே அவளைப் பார்ப்பேன். நின்றுகொண்டிருப்பாள்.

அப்பா தினமும் விடிகாலையில் முதுநகர் துறைமுகத்துக்கு மொபெட்டில் போய், மீனுக்குப் போடும் உடைத்த ஐஸை ஒரு சாக்கில் வாங்கி வருவார். அவருடைய பழைய ஜீன்ஸின் ஒரு காலை வெட்டி அடிப்பக்கம் தைத்து வைத்திருந்தாள் அம்மா. அதை அல்லியின் காலில் மாட்டி உள்ளே ஐஸை நிரப்பி இருபது நிமிஷம் வைப்பாள். பிறகு துடைத்து, பஞ்சுத்துணி சுற்றி, அதன்மேல் இழுத்துச் சுற்றும் எலாஸ்டிக் கட்டு. அடிபட்ட காலுக்கு மட்டும் கட்டினால் போதாது, நல்ல காலுக்கும் கட்ட வேண்டும் என்பது டாக்டரம்மாவின் உத்தரவு. பாரம் முழுக்க அந்தக் காலில்தானே இறங்குகிறது. அல்லி மேல் மீன் வாடை அடித்தது. தெருப் பூனைகளெல்லாம் எங்கள் கொட்டகை வாசலில் வந்து உட்கார்ந்தன.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அப்பா ஐஸ் சாக்கைக் கொட்டகைக்கு வெளியிலேயே இறக்கிவிடுவார். கட்டுப் போட வரவே மாட்டார். முதல் நாள் அவர்தான் போடப் பார்த்தார், அல்லி காலைக் கொடுக்கவில்லை. நடுங்கி நடுங்கி ஒதுங்கினாள். அம்மா போய்க் குனிந்ததும் சும்மா இருந்தாள். "பொம்பளைக்குப் பொம்பள" என்று அம்மா சிரித்தாள். அப்பாவுக்கு இந்த வேலையெல்லாம் கௌரவக் குறைச்சல் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கார்த்திகையில் முகூர்த்தங்கள் மறுபடி ஆரம்பித்தன. ஒரு நாள் எங்கள் ரோட்டிலேயே செண்டை மேளத்தோடு ஓர் ஊர்வலம் போனது. தகரக் கூரை அதிர்ந்தது. அல்லி காதை விடைத்து, தலையை ஆட்டி, காலை மாற்றி மாற்றி வைத்தாள். அம்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டு தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். வெளியே இருந்த அப்பா பதறிப்போய், "ஹோ ஹோ" என்று கத்திக்கொண்டு இரண்டு கையையும் வீசியபடி உள்ளே ஓடிவந்தார். அல்லி சட்டென்று எழும்பிவிட்டாள். தலை கூரையைத் தொடப் போனது. அம்மா கயிற்றோடு தொங்கி அவளை இறக்கினாள். அரை எழும்பலோடு போயிற்று, நல்ல வேளையாகக் காலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்றைக்கு வீட்டில் எல்லோரும் மேளக்காரர்களைத் திட்டினோம். டாக்டரம்மா போனில், சத்தம் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், காதில் பஞ்சு வையுங்கள் என்றார். அப்படித்தான் எனக்கு வேலை கிடைத்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறி நின்று, பஞ்சை உருட்டி, நல்லெண்ணெய் தொட்டு, ஒவ்வொரு காதிலும் வைப்பேன். அதன்மேல் அம்மா பழைய சுடிதாரில் தைத்த காதுறை. ரோஜாப்பூப் போட்ட காதுறையோடு அல்லி தலையை நீட்டி நிற்பதைப் பார்த்துப் பஸ்ஸிலிருந்து ஜனங்கள் சிரித்தார்கள். என்னிடம் அவள் தலையைத் தாழ்த்திக் கொடுப்பாள். அவளுடைய மூச்சு என் கழுத்தில் சுடும். உலகத்தில் வேறு யாருக்கும் அப்படிக் கொடுக்க மாட்டாள் என்ற கர்வம் எனக்கு இருந்தது.

மார்கழி எங்களுக்கு வரமாக வந்தது. கல்யாணம் இல்லாத மாதம். வீக்கம் வடிந்தது. நடை ஐந்து நிமிஷத்திலிருந்து பத்துக்குப் போனது. நான் அப்பாவின் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு நிமிஷத்தை எண்ணிக்கொண்டே கூட நடப்பேன். அல்லி நான்கு காலையும் முழுசாக ஊன்றி நடந்த அன்று அம்மா அழுதுவிட்டாள். ஆனால் அப்பா அந்த மாதம் முழுக்க ஒரு மாதிரியாகவே இருந்தார். காரணம் சிதம்பரத்தில் இருந்தது.

அப்பாவின் தங்கை, என் அத்தை, சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் மகனுக்குத் தை மாதம் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும், தாய்மாமன் சீர் கொண்டு வர வேண்டும். எங்கள் பக்கத்தில் இப்போதெல்லாம் சீர் என்பது தட்டோடு முடிகிற சமாச்சாரம் இல்லை. மேளம், வெடி, பேனர் எல்லாம் வேண்டும். நாட்டியக் குதிரை வைத்திருக்கும் தாய்மாமன் குதிரை இல்லாமல் வந்தால் அத்தை அந்த ஊரில் எப்படித் தலைகாட்டுவாள்? அல்லி பின்னங்காலில் நிற்கும் போட்டோவைப் போட்டுப் பேனருக்கு ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. எங்களைக் கேட்டுப் போடவில்லை.

அப்பா தங்கையிடம் விஷயத்தைச் சொல்லாமலே நாளைத் தள்ளினார். கடைசியில் அவரால் முடியாமல் சொன்னபோது மாமா, அதாவது அத்தையின் வீட்டுக்காரர், நேரிலேயே வந்துவிட்டார். வந்தவர் அல்லியைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார்.

"நல்லாத்தான மச்சான் நிக்கிது? நமக்குத் தெரிஞ்ச கம்பவுண்டர் ஒருத்தர் இருக்காரு. ஒரே ஊசி. நாலு மணி நேரத்துக்கு அப்பிடி ஒரு காலு இருக்கறதே அதுக்குத் தெரியாது."

"அவளுக்குத் தெரியாது மாப்ள. காலுக்குத் தெரியும்" என்றார் அப்பா.

அந்த ஒரு பதிலுக்காக அன்று அப்பாவை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அது அரைமணி நேரம்தான். அத்தை போனில் வந்து, "ஆட வேணாம்ணா, யாரும் ஏற வேணாம்ணா, சும்மா கூட நடந்து வந்தா போதும். ஒரே தங்கச்சிக்கி இதுகூட செய்யமாட்டியா?" என்று அழுதாள். அப்பா கொட்டகைத் தூணுக்குப் போய் அந்தப் பேப்பரை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வாரத்துக்கு எழுதியிருந்த நடை பதினைந்து நிமிஷம். பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபத்துக்குப் பத்து நிமிஷம்தான் ஆகும். சென்னை லாரி கூடாது என்று சொன்ன அதே அப்பா சிதம்பரத்துக்கு லாரி பிடித்தார்.

டாக்டரம்மா அரைமனதாகத்தான் சரி என்றார். "நடக்கலாம். ஆடக் கூடாது. மேளம் எட்டப் பின்னால வரணும். காதுல பஞ்சு கெட்டியா இருக்கணும்." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது என்னைப் பார்த்தார். அன்று ராத்திரிச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

காதுகுத்து நாளன்று லாரி ஊர்ந்துதான் போனது. பள்ளம் வரும்போதெல்லாம் பின்னால் அல்லியோடு நின்றிருந்த அம்மா தகரத்தைத் தட்டுவாள், டிரைவர் இன்னும் மெதுவாகப் போவார். ஆலப்பாக்கம் தாண்டும்போதே டிரைவருக்குப் பொறுமை போய்விட்டது. நான் முன்சீட்டில் மடியில் பஞ்சுப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா பிரம்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

பிள்ளையார் கோயில் வாசலில் அல்லியை இறக்கினோம். நாற்காலி போட்டு ஏறிப் பஞ்சு வைத்தேன். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வைத்தேன். அவள் காதருகே கையைத் தட்டிப் பார்த்தேன், திரும்பவில்லை. ரோஜாப்பூக் காதுறை அசிங்கமாக இருக்கிறது என்று அத்தை வெல்வெட்டில் ஒன்று தைத்து வைத்திருந்தாள். அதை மாட்டினோம். சீர்த்தட்டுகள் வரிசையாக முன்னால் போயின. அம்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அப்பா வேஷ்டி சட்டையில், மாமன் மாலையோடு, தட்டுகளுக்கும் அல்லிக்கும் நடுவில் நடந்தார். பேசி வைத்தபடி மேளம் ஐம்பது அடி பின்னால் வந்தது.

முதல் ஐந்து நிமிஷம் அல்லி பீச்சில் நடப்பதுபோல நடந்தாள். மேளம் அடிக்கிறது, அவள் காதுகூட அசையவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன், அவள் காலைப் பார்த்தேன், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தேன். பஞ்சு ஜெயித்துவிட்டது என்று நினைத்தேன்.

கூட்டத்துக்கு அது பிடிக்கவில்லை. பேனரில் ஒன்று இருக்கிறது, ரோட்டில் ஒன்று வருகிறது. "என்னாப்பா குதிர, தூங்குதா?" என்று ஒருவர் கேட்டார். மண்டபத்துக்கு அருகே வந்ததும் மேளக்காரர்களில் இளவட்டங்கள் இரண்டு பேருக்கு வேகம் வந்துவிட்டது. யாரோ விசிலடித்தார்கள். பையன்கள் இருவரும் மேளத்தை அடித்துக்கொண்டே ஓடிவந்து அல்லியின் பக்கத்தில் நின்று வெளுத்து வாங்கினார்கள். அப்போதும் அல்லி ஆடவில்லை. நின்றாள், அவ்வளவுதான். நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

அப்பா திரும்பினார். மேளக்காரப் பையன்களைப் பார்த்து, "நிறுத்துடா!" என்று கத்தினார். கத்தும்போது வலது கையை உயரத் தூக்கினார்.

அல்லி எழும்பினாள்.

முழுசாக எழும்பினாள். பேனரில் இருந்ததைப்போலவே. கூட்டம் ஓவென்று கத்திக் கைதட்டியது. அப்பாவின் கை மேலேயே நின்றது. அவர் அதை இறக்க மறந்தவர்போல அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இறக்கினார். அல்லியும் இறங்கினாள். இறங்கியதும் இடது பின்னங்காலைத் தரையில் வைக்கவே இல்லை.

மேளம் நின்றுபோயிற்று. மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்து, "பஞ்ச ஒழுங்கா வச்சியா பாப்பா?" என்று கேட்டார். அத்தை, "சின்னப் புள்ளய நம்பியா அந்த வேலைய குடுப்பாங்க?" என்றாள். நான் யாரிடமோ நாற்காலி வாங்கிப் போட்டு ஏறினேன். வெல்வெட்டைக் கழற்றினேன். பஞ்சு இரண்டு காதிலும் இருந்தது. வெதுவெதுப்பாக, நான் வைத்தது வைத்தபடி இருந்தது. வெளியே எடுத்து இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு, "இருக்குப்பா, ரெண்டும் இருக்கு" என்று அப்பாவிடம் நீட்டினேன். அப்பா அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பி மண்டபத்துக்குள் போனார்.

காது குத்தினார்கள். அப்பா மடியில் உட்கார்ந்து அந்தப் பையன் வீறிட்டு அழுதது வெளியே ரோட்டுக்கே கேட்டது. நாங்கள் யாரும் சாப்பிடாமல் லாரியில் திரும்பினோம்.

அடுத்த ஸ்கேனில் அந்தக் கறுப்பு ஓட்டை இரண்டு மடங்காக இருந்தது. "ஒரு வாரம் பாப்போம். நின்னா பொழச்சிக்குவா. அந்தக் காலு ஊன முடியாம பாரமெல்லாம் இந்த நல்ல காலுக்கே போச்சின்னா, இதுவும் போயிடும்" என்றார் டாக்டரம்மா. இதுவும் போனால் என்ன செய்வார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே எனக்குத் தெரிந்திருந்தது. அந்த ஒரு வாரம் நான் பட்ட பயத்தை அதற்குப் பிறகு என் பிரசவத்தின்போதுகூடப் பட்டதில்லை. பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று கொட்டகையிலேயே கிடந்தேன். என் காதில் பஞ்சை வைத்துப் பார்த்தேன். பஸ் ஹாரன் கேட்டது. இன்னும் அழுத்தினேன். அப்போதும் மெலிசாகக் கேட்டது. ஆகக் குற்றம் என்னுடையதுதான், மெழுகு வைத்து அடைத்திருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே வளர்ந்தும்விட்டேன்.

எட்டாம் நாள் அல்லி குளம்பை ஊன்றினாள். மறுபடி ஐஸ், மறுபடி கட்டு, மறுபடி ஐந்து நிமிஷம். அவள் மேல் இனி யாரும் ஏறக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அப்பா ஜரிகையையும் சலங்கையையும் புதுச்சேரிக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு ஷேர் ஆட்டோ ஓட்டப் போனார். விடிகாலை ஐஸ் மட்டும் ஒரு நாள்கூடத் தவறவில்லை. சாக்கை வாசலில் வைப்பார். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கமாட்டார். வேலைக்கு ஆகாத குதிரை இனி எதற்கு என்று நினைக்கிறார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவரோடு பேசுவதையே குறைத்துக்கொண்டேன்.

இப்போது நெய்வேலியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால், என் மகளுக்குக் காது குத்தும் நாளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அன்று நான் பஞ்சை இன்னும் அழுத்தி வைத்திருக்கலாம் என்று அம்மாவிடம் முதல்முறையாகச் சொன்னேன். அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இத்தன வருசமா அப்பிடியா நெனச்சிக்கினு இருந்த? பஞ்சுல என்னாடி இருக்கு? அவ மேளத்துக்கா ஆடுனா? குட்டியா வாங்கியாந்தப்ப ஒங்கப்பாதான் பழக்குனாரு. கையத் தூக்குனா எழும்பணும். எழும்பலன்னா பின்னங்கால்ல பிரம்பால விழும். மேளமெல்லாம் அப்பறம் வந்ததுதான்."

"அன்னிக்கே ஏம்மா சொல்லல?"

"எனக்கே அன்னிக்கி அவரு கையப் பாத்தப்பதான் வெளங்கிச்சி. அவரே சொல்லுவாருன்னு இருந்தேன்."

அவர் சொல்லவில்லை. அதற்குள் அவர் போயும் மூன்று வருஷமாகியிருந்தது. கோபப்பட வேண்டுமா, அழ வேண்டுமா என்று தெரியாமல் மிச்ச வெங்காயத்தை நான் உரித்தேன். காதுகுத்துக்கு அடுத்து வந்த ஆவணியில் ஒரு நாள் விடிகாலையில் நடந்தது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அன்று அல்லி முதல்முறையாக அரைமணி நேரம் நொண்டாமல் நடந்தாள். எனக்கு ஒரே சந்தோஷம், கோபத்தையெல்லாம் மறந்துவிட்டேன். வாசலில் ஐஸ் சாக்கை இறக்கிக்கொண்டிருந்த அப்பாவைக் கூப்பிட்டேன். "வாங்கப்பா, நீங்க கொஞ்ச தூரம் புடிச்சிக்குனு நடங்க."

"வேணாம் பாப்பா. நீயே நடத்து."

"ஒரே ஒரு தடவப்பா."

அவர் ரோட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு வந்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஹெட்மாஸ்டர் ரூமுக்குள் போகும் பையனைப்போல ஓரடி ஓரடியாக வந்தார். பத்தடி தூரத்தில் அல்லி அவரைப் பார்த்துவிட்டாள். அவளுடைய காது பின்னால் படிந்தது. எழும்பப் போகிறவள்போலப் பின்பக்கம் தாழ்ந்தது. தொடை துடித்தது. நான் கயிற்றை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கையை முதுகிலிருந்து எடுக்காமல், முகத்தைத் திருப்பாமல், வந்த வழியிலேயே ஓரடி ஓரடியாகப் பின்னுக்கு நடந்து தெருவுக்குப் போய், ஆட்டோவுக்குள் உட்கார்ந்துகொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

மறுநாள் என் ஆறாம் வகுப்பில், எங்கள் அப்பாவுக்குக் குதிரை என்றால் பயம், பயத்தில் அழுதேவிட்டார் என்று சொன்னேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.